பகடையும் பதிப்பகமும் – 14: திரும்பி வந்த பெட்டிகள்

ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை பத்து டாலர், முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (சுருக்கமாக ‘டி அண்ட் டி’) விற்பனைக்கு வந்தது இப்படித்தான். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பேசிப் பகடை உருட்டும் விளையாட்டு அது. அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற ஏரிக்கரை ஊரில் வளர்ந்ததைப் பார்த்தோம். டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், 1985 அக்டோபரில் தன் நிறுவனத்திலேயே அதிகாரம் இழந்ததையும், புளூம் சகோதரர்களின் பங்குகளை வாங்கி லொரெய்ன் வில்லியம்ஸ் தலைமைக்கு வந்ததையும் சென்ற வாரங்களில் பார்த்தோம்.

இந்த வாரம் நாம் வந்திருப்பது 1996-க்கு. அந்த ஆண்டில் டிஎஸ்ஆரின் விற்பனை சுமார் 4 கோடி டாலர். அதே ஆண்டு முடியும்போது அச்சகத்துக்குக் கொடுக்க அதனிடம் பணம் இல்லை.

இந்த இரண்டு செய்திகளும் ஒரே நிறுவனத்தைப் பற்றியவை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் புதிர். ‘மேஜிக்’ சீட்டுகள் வந்தன, இளைஞர்கள் பகடையைக் கைவிட்டுச் சீட்டுக்குப் போனார்கள், டிஎஸ்ஆர் விழுந்தது என்பதுதான் பலரும் சொல்லும் விடை. எளிதான விடை, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் விளையாடுகிறவர்கள் விலகிப் போனதால் டிஎஸ்ஆர் விழவில்லை. விளையாடுகிறவர்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் வந்துகொண்டிருக்க வழி செய்த ஓர் ஒப்பந்தத்தால் விழுந்தது என்பதே என் வாதம். அந்த ஒப்பந்தத்துக்கு வருமுன், சீட்டுக் கதையை அதற்குரிய இடத்தில் வைத்துவிடலாம்.

* * *

1993 ஜூலையில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டுக் கூடுகை. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டை, பீட்டர் ஆட்கிசன் 1990-இல் தொடங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சிறு நிறுவனம் அங்கே முதலில் காட்டியது. அடுத்த மாதம் மில்வாக்கியில் ஜென் கான். ஜென் கான் யாருடையது? டிஎஸ்ஆருடையது. 1968 ஆகஸ்டில் லேக் ஜெனிவாவின் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹாலை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து கைகாக்ஸ் நடத்திய கூடுகைக்கு ஏறத்தாழ நூறு பேர் வந்தார்கள். அதுதான் வளர்ந்து, 1985-இல் மில்வாக்கிக்கு இடம் மாறி, நாட்டின் முதன்மையான விளையாட்டு மாநாடாக நின்றது. தன் சொந்தக் கூரையின் கீழ்தான் டிஎஸ்ஆர் தன் பெரும் போட்டியாளனின் வருகையைப் பார்த்தது. கொண்டுவந்த சீட்டுக்கட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

அதன் பிறகு விளையாட்டுக் கடைகளில் பணம் எங்கே போனது என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு கடைக்காரர் மாதம் ஒதுக்கும் தொகை ஓரளவுக்கு நிலையானது. அதில் பெரும்பங்கு சீட்டுக்குப் போனால் புதிய சாகசப் புத்தகத்துக்கு மிஞ்சுவது குறைவு. டிஎஸ்ஆர் பதிலுக்கு 1994-இல் ‘ஸ்பெல்ஃபயர்’ என்ற சீட்டு விளையாட்டை அவசரமாகக் கொண்டுவந்தது. தன்னிடம் ஏற்கெனவே இருந்த அட்டைப்பட ஓவியங்களையே அதில் மறுபடி பயன்படுத்தியது. 1995-இல் லெஸ்டர் ஸ்மித் வடிவமைத்த ‘டிராகன் டைஸ்’ வந்தது; சீட்டுக்குப் பதில் சேகரிப்பதற்கான பகடைகள். அது முதலில் நன்றாகவே விற்றது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் சீட்டு விளக்கம் 1996-ஐ விளக்கவில்லை. விளையாடுகிறவர்கள் கூட்டமாக வெளியேறியிருந்தால் முதலில் சரிய வேண்டியது விற்பனை. 4 கோடி டாலர் விற்பனை செய்யும் நிறுவனத்தைச் சரிந்த நிறுவனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜென் கானுக்கு 1995-இல் ஏறத்தாழ 30,000 பேர் வந்தார்கள்; அதுவரை காணாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி சீட்டு விளையாட வந்தவர்கள்தானே என்று கேட்டால், ஆம், நியாயமான கேள்வி. அந்த எண்ணை மட்டும் வைத்து ‘டி அண்ட் டி’ செழித்தது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் இதே ஆண்டுகளில்தான் ஒயிட் உல்ஃப் என்ற புது நிறுவனம், 1991-இல் வெளியிட்ட ‘வேம்பயர்’ விளையாட்டைக் கொண்டு தன் வாசகர் கூட்டத்தைப் பெருக்கியது. மேசையில் உட்கார்ந்து கதை ஆடும் ஆசை வற்றிப் போயிருந்தால் அது நடந்திருக்காது. வியாபாரம் கடினமாகிவிட்டது என்பது உண்மை. கடினமான வியாபாரத்தில் நிறுவனங்கள் சுருங்கும்; இரண்டு மாதத்தில் மூச்சு நின்றுபோவதற்கு வேறு காரணம் வேண்டும்.

* * *

அந்தக் காரணம் பழையது. எழுபதுகளின் கடைசியில் டிஎஸ்ஆர் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தோடு ஒரு விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டது. அதுவரை விளையாட்டுக் கடைகளிலும் தபாலிலும் விற்ற சரக்கு, அமெரிக்கா முழுவதும் உள்ள புத்தகக் கடைகளுக்குப் போக வழி கிடைத்தது. டிஎஸ்ஆர் பெரிய நிறுவனமானதில் அந்த ஒப்பந்தத்துக்குப் பங்கு உண்டு. அதைத் தவறான முடிவு என்று சொல்லவே முடியாது.

இரண்டு வகை வியாபாரம் இங்கே கலந்ததைக் கவனிக்க வேண்டும். விளையாட்டுக் கடைகளுக்கான மொத்த வியாபாரி சரக்கை வாங்கினால் வாங்கியதுதான். விற்காவிட்டால் நஷ்டம் அவருடையது. புத்தக வியாபாரம் அப்படியில்லை. விற்காத பிரதியைக் கடைக்காரர் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம். அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தக் காலத்திலிருந்தே நிலைத்துவிட்ட வழக்கம் அது. ஆகவே, புத்தகக் கடைக்குப் போன பிரதி விற்ற பிரதி ஆகாது. அது விற்றதா என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

ராண்டம் ஹவுஸோ, கடையில் விற்கும்வரை காத்திராமல், சரக்கு தன்னிடம் வந்ததுமே டிஎஸ்ஆருக்கு ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்தது. அச்சடித்து அனுப்பினால் பணம் கைக்கு வரும். விற்காமல் திரும்பினால் அந்தத் தொகை கடனாக நிற்கும். விற்பனை ஏறுமுகமாக இருந்த காலத்தில் இதில் ஆபத்து தெரியவில்லை. திரும்பி வந்தவற்றைவிடப் புதிதாகப் போனவை எப்போதும் அதிகம். ஆனால் ஏதோ ஒரு காலாண்டில் சம்பளத்துக்குப் பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிர்வாகியின் முன் இரண்டு வழிகள்: செலவைக் குறைப்பது, அல்லது இன்னும் சில தலைப்புகளை அச்சடித்து அனுப்புவது. முதலாவது வலிக்கும், இரண்டாவதில் அன்றைக்கு வலியே இல்லை. அச்சிட்ட புத்தகம் வாசகருக்குப் போகும் பண்டமாக இருந்தது போய், அடகுக் கடைக்குப் போகும் நகையாக மாறியது. நகையாவது ஒரே மதிப்பில் இருக்கும். யாரும் வாங்காத நாவல் ஆறு மாதத்தில் வெறும் காகிதம்.

இந்த வழக்கம் எல்லாப் பதிப்பகங்களுக்கும் பொதுவானதுதானே, மற்றவர்கள் ஏன் விழவில்லை என்று ஒரு மறுப்பு வரலாம். திரும்பி வரும் பிரதிகளின் தொல்லை எல்லோருக்கும் உண்டு என்பது சரி. ஆனால் புத்தக வியாபாரத்தில் பழுத்த பதிப்பகம், அனுப்பிய சரக்கில் இத்தனை பங்கு திரும்பும் என்று கணித்து அதற்கான தொகையை ஒதுக்கி வைக்கும். டிஎஸ்ஆரின் பழக்கங்கள் விளையாட்டுக் கடை வியாபாரத்தில் உருவானவை; போன சரக்கு திரும்பாது என்ற உலகம் அது. கையில் வந்த முன்பணத்தை வருமானமாகச் செலவழித்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. ஒதுக்கிவைத்த பணம் இருந்திருந்தால் 1996 ஒரு மோசமான ஆண்டாக மட்டும் முடிந்திருக்கும்.

* * *

டிஎஸ்ஆரின் உள்ளிருந்தவர்களும் பின்னால் அதன் கணக்குகளைப் பார்த்தவர்களும் சொல்லும் இன்னொரு காரணம் இருக்கிறது: உலகங்கள் பெருகிவிட்டன. அதுவும் உண்மை. அந்த உலகங்களை நேசித்தவர்கள் இன்றும் இருப்பதால் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியது.

1984-இல் மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதத் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ நாவல்களின் வெற்றி, விளையாட்டு உலகம் ஒவ்வொன்றும் கதை உலகமும் ஆகலாம் என்று காட்டியது. 1987-இல் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ வந்தது, அதில் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய நாவல்கள் பெரும் விற்பனை கண்டன. பிறகு வரிசையாக: 1989-இல் கப்பல்கள் விண்வெளியில் மிதக்கும் ‘ஸ்பெல்ஜாமர்’, 1990-இல் பேய்க்கோட்டைகளின் ‘ரேவன்லாஃப்ட்’, 1991-இல் மந்திரத்தால் வறண்டுபோன பாலைவன உலகமான ‘டார்க் சன்’, 1992-இல் அரேபியக் கதைகளைத் தழுவிய ‘அல்-காதிம்’, 1994-இல் ‘பிளேன்ஸ்கேப்’, 1995-இல் ‘பர்த்ரைட்’. இவற்றில் சில, அந்தக் காலத்து அமெரிக்கக் கற்பனைக் கலையின் உச்சங்கள். டார்க் சன்னுக்காக பிராம் வரைந்த ஓவியங்களும், பிளேன்ஸ்கேப்புக்காக டோனி டிடெர்லிஸி வரைந்தவையும் இன்றும் பார்க்கத் தெவிட்டாதவை. எழுத்தாளர்களிடமோ ஓவியர்களிடமோ திறமை குறைந்துவிடவில்லை.

சிக்கல் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். டார்க் சன் ஆடும் குழுவுக்கு ரேவன்லாஃப்ட் புத்தகம் தேவையில்லை. ஒரு குழு வாரம் ஒருமுறை கூடி ஒரே உலகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடும். உலகம் ஒன்று புதிதாக வரும்போது புது ஆட்டக்காரர்கள் வந்தால் லாபம். இருப்பவர்களே பிரிந்தால், ஒரே கூட்டத்துக்கு எட்டு வரிசை நூல்கள். ஒவ்வொன்றுக்கும் எழுத்து, ஓவியம், வரைபடம், பெட்டி என்று முழுச் செலவு. சில பெட்டிகளைத் தயாரிக்க ஆன செலவு, அவை விற்றுக் கொண்டுவந்ததைவிட அதிகம் என்றும் பின்னாளில் கணக்கைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். விசார்ட்ஸின் தொடக்ககால ஊழியரான லிசா ஸ்டீவன்ஸ் அவர்களில் முக்கியமானவர்.

ஆனால் இந்தக் காரணம் அந்த ஒப்பந்தத்தின் நிழலில் நிற்கிறது என்பேன். சிதறிய கூட்டத்துக்கு எழுதுகிறோம் என்பதை விற்பனை எண்களே ஒரு நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். இரண்டாவது நூல் முதலாவதில் பாதி விற்றால் மூன்றாவதை நிறுத்துவார்கள். டிஎஸ்ஆருக்கு அந்தச் செய்தி தாமதமாக வந்தது, மங்கலாகவும் வந்தது. அனுப்பியதற்குப் பணம் வந்துவிட்டது. திரும்பி வருவது பின்னால். அதற்குள் அடுத்த உலகத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் பல ஆயிரம் வாசகர்கள் மில்வாக்கியில் அதன் சொந்த மாநாட்டுக்கு வந்து நின்றார்கள். 1980-இலேயே தொடங்கிய ஆர்பிஜிஏ என்ற ஆட்டக்காரர் சங்கமும் அதன் கையில் இருந்தது. கேட்க வேண்டிய காது இல்லாமல் இல்லை. கேட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடியை அந்த முன்பணம் தள்ளிப்போட்டது. பிற்பாடு டிஎஸ்ஆரின் ஆவணங்களைப் பார்வையிட்ட ரயன் டான்சி, வாசகர் என்ன விரும்புகிறார் என்று முறையாகக் கேட்டறிந்த தடயமே அங்கே கிடைக்கவில்லை என்று எழுதினார்.

அப்படியானால் வில்லியம்ஸ்தானே குற்றவாளி? ஆட்டக்காரர்களை மதிக்காதவர், விளையாட்டைப் புரிந்துகொள்ளாதவர் என்று அவரைப் பற்றி ஒரு சித்திரம் நெடுங்காலமாக உலவுகிறது. கைகாக்ஸை நேசித்தவர்கள் அதை நம்புவதில் வியப்பில்லை. ஆனால் அவர் வந்தபோது டிஎஸ்ஆர் ஏற்கெனவே கடனில் இருந்தது. அதை மீட்டு, பத்தாண்டுகளுக்கும் மேல் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட வைத்தவர் அவர்தான். ஒப்பந்தமும் அவருக்கு முந்தியது. அவர்மீது சுமத்தக்கூடிய குற்றம் ஒன்று உண்டு: அந்த ஒப்பந்தம் கடன் வாங்கும் கருவியாக மாறியதை அவர் தடுக்கவில்லை; தேவைப்பட்டபோதெல்லாம் பயன்படுத்தினார். அது கணக்குப் புத்தகத்தின் குற்றம். அந்த நாற்காலியில் விளையாட்டை உயிராய் நேசித்த ஒருவர் இருந்திருந்தாலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். கைகாக்ஸ் இருந்த காலத்திலேயே டிஎஸ்ஆர் கடனில் மூழ்கியதை மறந்துவிடக் கூடாது.

* * *

1996 இறுதிக்கு வருவோம்.

அந்த ஆண்டு டிஎஸ்ஆர் கெட்டி அட்டை நாவல்களை வழக்கத்தைவிடப் பன்மடங்கு வெளியிட்டது. அதுவரை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, இப்போது பன்னிரண்டு. டிராகன் டைஸ் பெட்டிகளும் புத்தகக் கடைகளுக்குப் போயின. பகடை சேகரிக்கிறவர்கள் விளையாட்டுக் கடைக்குப் போவார்கள். புத்தகக் கடையில் நாவல் அலமாரிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகளை எடுத்துப் பார்க்க ஆளில்லை. போனதெல்லாம் கணக்கில் பணமாக ஏறியது.

பிறகு அவை திரும்பின. ராண்டம் ஹவுஸ் எதிர்பாராத அளவில் விற்காத நாவல்களையும் பகடைப் பெட்டிகளையும் திருப்பி அனுப்பி, பல மில்லியன் டாலரைத் திருப்பிக் கேட்டது. டிஎஸ்ஆரிடம் அந்தப் பணம் இல்லை. வருடக்கணக்கில் சிறிது சிறிதாக வாங்கியது ஒரே கணத்தில் கடனாக எழுந்து நின்றது.

இங்கேதான் நிகழ்ச்சி திரும்பியது. டிஎஸ்ஆரின் அச்சு, கிடங்கு, அனுப்புதல் மூன்றையும் ஒரே நிறுவனம் கவனித்துவந்தது. பாக்கி தீராமல் இனி வேலை செய்ய முடியாது என்று அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. விதிப் புத்தகங்களை அச்சடிக்கும் பிளேட்டுகள் அதனிடம். ஆண்டு முழுக்க நிதானமாக விற்கக்கூடிய நூல்கள் இவைதாம். எந்த உலகத்தில் ஆடுகிறவரும் வாங்க வேண்டியவை. அவற்றை அச்சடித்தால் கடனை அடைக்கலாம். கடனை அடைக்காமல் அச்சடிக்க முடியாது. இந்த முடிச்சிலிருந்து டிஎஸ்ஆர் தன் பலத்தால் வெளிவரவே இல்லை.

டிசம்பரில் ஊழியர்கள் சுமார் முப்பது பேர் வேலை இழந்தார்கள். எஞ்சியவர்கள் 1997-இன் தொடக்க மாதங்களில் லேக் ஜெனிவா அலுவலகத்துக்கு வந்து, அச்சாகுமா என்று தெரியாத புத்தகங்களை எழுதி, திருத்தி, வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். மாதந்தோறும் வந்த ‘டிராகன்’ இதழ் பல மாதங்களுக்கு வரவில்லை. இருபது ஆண்டுகளாக அதை வாசித்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கடன் 3 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தருவது இந்த மாதங்கள்தான். விளையாட்டு செத்துவிடவில்லை. வாரந்தோறும் வீடுகளில் மேசைகள் நிரம்பின. ஆனால் எழுதுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் நடுவே நின்ற கணக்கு இருவரையும் துண்டித்துவிட்டது.

* * *

மீட்பு வந்த திசையை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. ஃபைவ் ரிங்ஸ் என்ற சிறிய சீட்டு விளையாட்டு நிறுவனத்தின் தலைவர் பாப் ஆப்ரமோவிட்ஸ் வில்லியம்ஸோடு பேசி, விற்பனைக்கு அவரைச் சம்மதிக்க வைத்தார். ஆனால் ஆப்ரமோவிட்ஸிடம் அவ்வளவு பணம் இல்லை. பணம் இருந்த இடம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். 1997 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. கோடையில் கைமாற்றம் முடிந்தது. பரவலாகச் சொல்லப்படும் தொகை சுமார் 2.5 கோடி டாலர். டிஎஸ்ஆரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சீட்டின் பணமே அதன் கடனை அடைத்தது.

இதே விசார்ட்ஸ் 1995 டிசம்பரில் தன் சொந்தக் கதை விளையாட்டு நூல்களை நிறுத்தியிருந்தது. அந்தத் தொழிலில் லாபம் இல்லை என்று கண்டவர்கள் அதே தொழிலின் மிகப் பெரிய கடனாளியை ஏன் வாங்க வேண்டும்? ஆட்கிசன் இளம் வயதிலிருந்தே டி அண்ட் டி ஆடி வளர்ந்தவர் என்பது ஒரு காரணம்; அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் ஆசையால் மட்டும் யாரும் அவ்வளவு பணம் போட மாட்டார்கள். வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சென்றடையும் வழிதான் அடைபட்டது என்ற கணிப்பும் அந்த முடிவில் இருந்திருக்க வேண்டும். 2000 ஆகஸ்டில் ஜென் கானில் வெளியான மூன்றாம் பதிப்பின் விற்பனை அந்தக் கணிப்பைச் சரியென்று காட்டியது.

அலுவலகம் லேக் ஜெனிவாவை விட்டு வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டனுக்குப் போனது. கூடப் போனவர்கள் உண்டு. ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ‘டிராகன்’ மறுபடி வந்தது. ஆகஸ்டில் மில்வாக்கி நிரம்பியது.

கடன் தீர்ந்தது, ஆனால் டிஎஸ்ஆர் விட்டுப்போன இன்னொரு பகை தீரவில்லை. 1994 வாக்கில் ஆட்டக்காரர்கள் தாங்கள் எழுதிய சாகசங்களையும் விதிகளையும் இணையத்தில் பகிரத் தொடங்கியபோது, டிஎஸ்ஆர் அவர்களுக்கு வக்கீல் பாணியில் எச்சரிக்கை விடுத்தது. புது உரிமையாளரோ, 1997 செப்டம்பரில் சேகரிப்புச் சீட்டு விளையாட்டின் முறைக்கே அமெரிக்கக் காப்புரிமை பெற்ற நிறுவனம். அதே நிறுவனத்துக்குள் ரயன் டான்சி நேரெதிரான ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தார்: விதிகளைத் திறந்துவிடுவோம், யார் வேண்டுமானாலும் அவற்றை வைத்து நூல் வெளியிடட்டும். தன் சீட்டுக்கு வேலி போட்டு வளர்ந்த நிறுவனம், பெரும் பணம் கொடுத்து வாங்கிய விதிகளை இலவசமாகக் கொடுக்கச் சம்மதிக்குமா?

(அடுத்த வாரம் தொடரும்)